பதினோரு வரிக் குற்றம்

9

“ஒரு கொலையாவது நடந்திருக்கக் கூடாதா மேடம்?” என்றேன்.

மேடம் நிமிரவில்லை. மேஜை மேல் ஒரு முழ உயரத்துக்குக் காகிதம். அத்தனையும் கம்ப்யூட்டர் புரோகிராம். துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் அவர். அங்கிருந்து வரும்போது கொண்டுவந்த சொத்து ஒரு பெட்டி சிவப்புப் பென்சிலும், எதைக் கொடுத்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிடும் கெட்ட பழக்கமும்தான்.

“கொலைன்னா கத்தி இருக்கும், கைரேகை இருக்கும். இதுல அடைப்புக்குறிதான் இருக்கு.”

“மணி என்ன?”

“பதினொண்ணு.”

“நாலு மணிக்கு விசாரணை. அஞ்சு மணி நேரம் இருக்கு. நீ வாயை மூடினா ஆறு மணி நேரம்.”

மூடினேன். என் பட்டப்பெயர் ஓட்டைவாய். அதைக் காப்பாற்றிக்கொள்ளத் தினமும் உழைக்க வேண்டியிருக்கிறது.

வழக்கு இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டில்களின் தலைமாட்டில் ஒரு யந்திரம் இருக்கும். நோயாளியின் மூச்சு குறைந்தால் அலாரம் அடிக்கும். அந்த யந்திரத்துக்குள் ஓடும் புரோகிராமை எழுதுவது ஒரு சின்ன கம்பெனி. முதலாளியைத் தவிர எட்டே பேர். ஒன்பது நாட்களுக்கு முன் பதினாலாம் நம்பர் கட்டிலில் ஒருவருக்கு மூச்சு குறைந்தது. தொண்ணூறு விநாடி அலாரம் அடிக்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு வந்த நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்ததால் மனிதர் பிழைத்தார்.

உள்ளே திறந்து பார்த்ததில், புதிதாகச் சேர்த்த பதினோரு வரிகள் அகப்பட்டன. மூச்சின் அளவு திடீரென்று குறைந்தால் தொண்ணூறு விநாடி பொறுத்து, அப்புறம் அலாரம் அடி என்று உத்தரவிடும் வரிகள். எந்த மாற்றமாக இருந்தாலும் அந்தக் கம்பெனியில் இரண்டு பெயர் வேண்டும். எழுதியவர் ஒருவர், படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டவர் ஒருவர். எழுதியவரே ஒப்புக்கொள்ள முடியாது. பதினோரு வரிகளுக்கும் எழுதியவர் பெயர் இருந்தது. அது எங்கள் கட்சிக்காரியின் பெயர்.

அக்கா தங்கை இரண்டு பேரும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அதனால் ஆபீஸில் அக்காவைப் பெரியவள் என்றும், தங்கையைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். எங்களிடம் வந்தவள் சின்னவள். கூடவே, கையைப் பிடித்து அழைத்து வந்தவள் பெரியவள்.

“நான் எழுதலை மேடம்,” என்றாள் சின்னவள் முதல் நாள். “ஒரு மூச்சு நிக்கும்போது அலாரத்தைப் பொறுத்திருன்னு சொல்ல எனக்குக் கை வராது. இன்னிக்கு இது என் பேர்ல நின்னா, இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் ஒரு வரி எழுத முடியாது. எனக்கு வேற எதுவும் தெரியாது, வேற எதுவும் வேண்டவும் வேண்டாம்.”

“தப்பு என்னோடதும்தான்,” என்றாள் பெரியவள். “படிச்சுட்டு ஒப்புக்கொண்டது நான். அவசரத்துல கண்ணுல படலை. இவளைத் தனியா மாட்டவிட்டுட்டு நான் தூங்க முடியுமா?” சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் எனக்கு வந்த எரிச்சலில் பாதி என் மேலேயே வந்த எரிச்சல்.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார்.

“இங்கே வா. இந்தப் பதினோரு வரி எல்லாரும் சின்னவ கைன்னு எதை வெச்சு சொல்றாங்க?”

“நட்சத்திரத்தை வெச்சு.” புரோகிராமுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதுவார்கள். கமெண்ட் என்று பெயர். யந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. சின்னவள் அந்தக் குறிப்பைச் சும்மா எழுதமாட்டாள். சுற்றிலும் நாலு பக்கமும் நட்சத்திரக் குறிகளை வரிசையாகப் போட்டு ஒரு பெட்டி கட்டி, உள்ளே எழுதுவாள். பதினோரு வரிக்கு மேலே அதே பெட்டி இருந்தது.

“இது போன வருஷம் அவ எழுதினது. எத்தனை பெட்டி?”

“தாளுக்கு மூணு. வேலை குறைவா இருந்த நாள்ல அஞ்சு.”

“இது போன மாசம்.”

புரட்டினேன். இன்னொரு தாள். இன்னொன்று. பெட்டியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. முப்பது தாள் புரட்டியும் ஒன்று அகப்படவில்லை.

“எனக்கு இதுல ஒரு வார்த்தை புரியலை,” என்றார் மேடம். “ஆனா ஒருத்தர் கை மாறினா தெரியும். நாலு மாசத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு நட்சத்திரம் போடறதை விட்டுட்டா. அப்புறம் ஒரே ஒரு இடத்துலதான் போட்டிருக்கா. அதுவும் அவளை மாட்டிவிடற அந்தப் பதினோரு வரியில.”

“அப்போ வேற யாரோ அவ கையைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்காங்க.”

“பார்த்து எழுதினவங்க பழசைப் பார்த்திருக்காங்க. சட்டையை மாட்டு.”

*

கம்பெனி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளம். நீளமான ஒரு ஹால், எட்டு மேஜை, ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு நாற்காலி. தாடி வைத்த டெஸ்டர் ஒருவர் எங்களை எதிர்கொண்டார். மற்றவர்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது அவர் உத்தியோகம். கேட்டவுடனே பொறாமையாக இருந்தது.

“ஏன் ஆளுக்கு ரெண்டு நாற்காலி? காலை நீட்டிக்கவா?” என்றேன்.

“ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பாங்க. யார் வேணா யார் மெஷின்ல வேணா உட்காருவாங்க. அதனால பூட்டுறதே இல்லை. இனிமே பூட்டுவோம்.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

பதினோரு வரி ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று பத்துக்கு, சின்னவளின் மெஷினிலிருந்து. அப்போது அவள் கீழே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பார்த்த சாட்சி யாரும் இல்லை.

“அந்த வாரம் இங்கே என்ன விசேஷம்?” என்றார் மேடம்.

“மறுநாள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் யந்திரத்தைப் பார்க்க வர்றதா இருந்தது. அதுக்கு முந்தின தடவை வந்தப்போ, நோயாளி புரண்டு படுத்தாலே அலாரம் அடிச்சு மானம் போச்சு. மறுநாள் வந்தாங்க, ஒரு தடவைகூட வீணா அடிக்கலை. எல்லாரும் கை தட்டினோம்.” தாடிக்காரர் தாடியைத் தடவினார். “இப்போ நினைச்சா உடம்பு கூசுது.”

ஹாலின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. சுவர் முழுக்கத் திரை. தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் அங்கே கூடுவார்களாம். யாராவது ஒருவர் எழுதியதைத் திரையில் போட்டு, அரை மணி நேரம் மற்றவர்கள் அதை நார் நாராகக் கிழிப்பார்களாம். அந்தக் கூட்டத்துக்குப் பெயரே கிழிப்பு. யார் எழுதியதைக் கிழிக்கிறார்களோ அவர் பதில் பேசக் கூடாது, கேட்டுக்கொள்ள மட்டும் வேண்டும்.

“எங்க வீட்டுல இது மூணு வேளையும் நடக்கும்,” என்றேன். “இதுக்கு டெக்னாலஜி இருக்குன்னு தெரியாது.”

மேடம் அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெரிய வாழ்த்து அட்டை ஒட்டியிருந்தது. ‘நட்சத்திரங்களுக்கு எங்கள் பிரிவு உபசாரம். நீங்கள் இல்லாமல் திரை வெறிச்சென்று இருக்கிறது’ என்று எழுதி, கீழே ஆறு கையெழுத்து.

“இது என்ன?”

“சின்னவளைக் கலாய்ச்சது மேடம். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் கிழிப்புக்கு அவ புரோகிராமைப் போட்டா, ஒரு பெட்டிகூட இல்லை. எல்லாரும் ஆடிப்போயிட்டோம். அன்னிக்குச் சாயங்காலமே அட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டோம்.”

மேடம் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, கிழிப்புக்கு எல்லாரும் வருவார்களா என்று கேட்டார்.

“கட்டாயம் வரணும். ஆஸ்பத்திரி மீட்டிங் இருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு.”

சின்னவள் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளாக அவளை எழுத விடவில்லை. விசைப்பலகையை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே அது பளபளவென்று இருந்தது.

“ஏம்மா நட்சத்திரத்தை விட்டீங்க?” என்றார் மேடம்.

அவள் முகத்தில் நாங்கள் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தோம்.

“அதைக் கவனிச்சீங்களா மேடம்? முன்னாடியெல்லாம் குழப்பமா எதையாவது எழுதிட்டு, மேல ஒரு பெட்டி போட்டு விளக்கம் சொல்வேன். ஒரு நாள் தோணுச்சு, விளக்கமே வேண்டாத மாதிரி எழுதினா என்னன்னு. அதுக்கப்புறம் பெட்டி போடக் கை போகும்போதெல்லாம் நிறுத்திடுவேன். எந்த இடம் புரியாதுன்னு பயப்படறேனோ அந்த இடத்தையே பிரிச்சுத் திரும்ப எழுதுவேன். மொதல்ல ரொம்பக் கஷ்டம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பத்து வரிதான் தேறும். இப்போ பழகிடுச்சு.”

“யாராவது பாராட்டினாங்களா?”

“இவங்க கலாய்ச்சாங்க, அதுவும் பாராட்டுதான். அக்கா மட்டும் ஒண்ணும் சொல்லலை. நான் எழுதற ஒவ்வொண்ணையும் படிக்கிறது அவதான். ‘படித்தேன், நன்று’ன்னு போடுவா. நாலு மாசத்துல இருநூத்திப் பதினாலு தடவை போட்டிருக்கா, எண்ணி வெச்சிருக்கேன். நட்சத்திரத்தைப் பத்தி என்ன சொல்வாளோன்னு தினமும் காத்துட்டிருந்தேன். அப்புறம் புரிஞ்சுது. அவ கண்ணுல உறுத்தலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். அக்கா மாதிரி படிக்கிற ஆள் இந்தத் தொழில்லயே கிடையாது மேடம். அவ படிச்சுட்டான்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் இந்தத் தடவை அந்தப் பெண்ணின் தலையை ஒரு தடவை தொட்டார். அது பழக்கமில்லை.

அப்போது பெரியவள் வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா.

“காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை இவ. நீங்களாவது சொல்லுங்க மேடம்.” டப்பாவைத் திறந்து, ஸ்பூனைத் தங்கையின் கையில் திணித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாருன்னு ஏதாவது தெரிஞ்சுதா?” என்றாள்.

“ஒரு ஆள் கண்ணுல படறாங்க. நாலு மணிக்கு நீங்களும் இருக்கணும்.”

“நான் இல்லாம எப்படி?” என்றாள் பெரியவள். “ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தானே பேசணும்.”

மாடிப்படியில் மேடம் என்னை நிறுத்தினார். “நீ கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனியே, எத்தனை மாசம்?”

“மூணு மாசம். அதுல ரெண்டே கால் மாசம் நல்ல ஃபேன் காத்து.”

“போதும். தாடிக்காரர் பக்கத்துல உட்காரு. அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் டைப் அடி. நாலு பக்கமும் நட்சத்திரம் போட்டு அழகா மூணு பெட்டி கட்டு. என்ன எழுதறேங்கறது முக்கியம் இல்லை.”

என் வாழ்க்கையில் எனக்குத் தரப்பட்ட வேலைகளிலேயே தகுதிக்கு ஏற்றது அதுதான்.

*

நாலு மணி. கண்ணாடி அறை. முதலாளி நடுவில். அவருக்கு வலப்பக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா. எதிரே அக்காவும் தங்கையும் ஒட்டிய நாற்காலிகளில். பெரியவள் தங்கையின் கையை மேஜைக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். தாடிக்காரர் சுவரோரம்.

முதலாளி நல்ல மனிதர். அதனால் கெட்ட செய்தியை நேராகச் சொல்லத் தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். “பாருங்கம்மா, எழுதினவங்க பேர் இருக்கு, மெஷின் இருக்கு, எழுதற பாணியும் இருக்கு. இதுக்கு மேல நாங்க என்ன...”

“ரெண்டு நிமிஷம்,” என்றார் மேடம். இரண்டு தாள்களைப் பெரியவளின் முன்னால் வைத்தார். “இந்த ரெண்டுல ஒண்ணு உங்க தங்கச்சி போன மாசம் எழுதினது. இன்னொண்ணு வேற ஆள் எழுதினது. எதுன்னு சொல்லுங்க. இவங்க எழுத்தை உங்களை மாதிரிப் படிச்சவங்க வேற யாரும் இல்லையே.”

சின்னவள் எட்டிப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்தது. மேடம் விரலை உயர்த்தினார்.

பெரியவள் அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. “இது,” என்று நட்சத்திரப் பெட்டிகள் கட்டிய தாளைத் தொட்டாள். “கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிடுவேன். இந்தப் பெட்டியை இவளைத் தவிர யார் போடுவாங்க?”

தாடிக்காரர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“அதை எழுதினது நான்,” என்றேன். “இன்னிக்கு மதியம். அதுல பாதி வரி என்னோட சாப்பாட்டு மெனு.”

வேறு நேரமாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

“இன்னொரு தாள்தான் உங்க தங்கச்சி எழுதினது,” என்றார் மேடம். “கீழே பாருங்க. ‘படித்தேன், நன்று.’ உங்க பேர், இருபது நாள் முன்னாடி. நாலு மாசமா இவங்க ஒரு நட்சத்திரம் போடலை. இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். சுவத்துல அட்டையே ஒட்டியிருக்காங்க, மிச்சம் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. காலைக் கூட்டத்துக்கு வராம ஆஸ்பத்திரி மீட்டிங்குக்குப் போனதால உங்க கையெழுத்து மட்டும் இல்லை.”

பெரியவள் அட்டையைப் பார்த்தாள். அது அங்கே இருப்பதையே அப்போதுதான் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

முதலாளி குறுக்கிட்டார். “சரி, படிக்காம ஒப்புக்கொண்டாங்க. அது அலட்சியம். எழுதினது யாருங்கறதுக்கு இது எப்படிச் சாட்சி?”

“பதினோரு வரியை எழுதின ஆள் சின்னவ கை மாதிரி இருக்கணும்னு மெனக்கெட்டிருக்காங்க. நட்சத்திரம் செத்து நாலு மாசம் ஆச்சுன்னு தெரிஞ்ச யாரும் அதைப் போடமாட்டாங்க. எட்டு பேர்ல ஏழு பேருக்குத் தெரியும். தெரியாதது ஒருத்தருக்குத்தான். தினமும் படிச்சேன்னு கையெழுத்துப் போட்டவங்களுக்கு.”

“சின்னவளே வேணும்னு பழைய பாணியில எழுதியிருந்தா?” என்றார் டாக்டரம்மா. நியாயமான கேள்விதான்.

“அப்போ படிக்கிற அக்கா, ‘ஏண்டி, திரும்பப் பெட்டி போட ஆரம்பிச்சுட்டியா?’ன்னு ஒரு வார்த்தை கேட்பாங்கன்னு பயந்தே இவங்க போட்டிருக்க மாட்டாங்க. அக்கா எழுத்தெண்ணிப் படிக்கிறாங்கன்னு நம்பினது உலகத்துலேயே இவங்க ஒருத்திதான்.”

சின்னவள் தன் கையை உருவிக்கொண்டாள். வேகமாக இல்லை. மெதுவாக, விரல் விரலாக.

“அக்கா,” என்றாள். “நீ இல்லைன்னு சொல்லு. சொன்னா நான் நம்பிடுவேன்.”

பெரியவள் வாயைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தபின் அந்தப் பொய் வெளியே வரவில்லை. இதை அவளுக்குச் சாதகமாகச் சொல்கிறேன், சாதகமாகச் சொல்ல வேறெதுவும் இல்லை.

“ஒரே ஒரு நாளைக்குத்தான்,” என்றாள். “டாக்டர் பார்த்துட்டுப் போனதும் எடுத்துடலாம்னு இருந்தேன். அந்த அலாரம் இன்னொரு தடவை வீணா அடிச்சிருந்தா ஒப்பந்தமே போயிருக்கும், என் பதவியும் போயிருக்கும். என் பேர்ல எழுதினா வேற யாராவது படிக்கணும். படிச்ச யாரும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க. உன் பேர்னா நானே ஒப்புக்கொள்ளலாம். மறுநாள் நாலு மீட்டிங். அப்புறம் அந்தப் பதினாலாம் கட்டில் ஆள்... அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“ஒன்பது நாள்,” என்றாள் சின்னவள். “ஒன்பது நாளா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தே. துப்பறியறவங்ககிட்ட நீதான் கூட்டிட்டுப் போனே.”

“உன்னை மன்னிச்சுடுவாங்கன்னு நினைச்சேன். நீ சின்னப் பொண்ணு, திறமைசாலி. ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்கன்னு...”

எனக்கு அங்கேயே எழுந்து அந்தச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. கத்தி எடுத்தவனை எனக்குத் தெரியும், எதிரில் நிற்பான். கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேடம் என் முழங்காலை மேஜைக்கடியில் அழுத்தினார்.

ஆனால் சின்னவள் கேட்டது அதைப் பற்றி இல்லை.

“அந்தப் பதினோரு வரி போகட்டும். என்னோட இருநூத்திப் பதினாலு? அதுல எத்தனை படிச்சே?”

பெரியவள் பேசவில்லை.

“பாதி?”

பேசவில்லை.

“ஒண்ணாவது?”

“நீதான் நல்லா எழுதறியே,” என்றாள் பெரியவள். அவள் குரல் பாதிதான் கேட்டது. “உன்னோடதுல படிச்சுப் பார்க்க என்ன இருக்கு? இந்த டீமுக்குத் தலைவி ஆனதுலேர்ந்து எனக்கு மூச்சு விட நேரமில்லை. மத்தவங்களோடதைத்தான் படிக்க வேண்டியிருந்தது. நீ என் தங்கச்சி, உன்னை நம்பினேன்.”

அதுவரை அழாமலிருந்த சின்னவள் அப்போது அழுதாள். உதட்டை மடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். நாலு மாதமாக ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பிரித்து அவள் யாருக்காகத் திருத்தினாளோ, அந்த ஆள் அங்கே இருக்கவே இல்லை. வேலை போவதும் பெயர் கெடுவதும் அவளை இந்த அளவுக்கு உலுக்கவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். “சின்னவ மேல ஒரு குற்றமும் இல்லை. எழுதியே தந்துடறேன். நீ வீட்டுக்குப் போய் ஓய்வெடும்மா. திங்கட்கிழமை வந்தாப் போதும்.”

வழக்கு முடிந்தது. மேடம் பென்சிலைப் பைக்குள் போட்டார். நான் நாற்காலியைத் தள்ளினேன்.

“போக முடியாது சார்,” என்றாள் சின்னவள். முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். “இப்போ எத்தனை கட்டில்ல எங்க யந்திரம் ஓடுது?”

“நாற்பது.”

“எல்லாத்துக்கும் ஆள் போட்டுப் பார்த்துக்கச் சொல்லுங்க. இன்னிக்கு அதை நம்பாதீங்க. அதுல ஓடறது நான் நாலு மாசமா எழுதினது. அதை ஒருத்தரும் படிக்கலை.”

முதலாளி எழுந்தே விட்டார். “என்னம்மா சொல்றே? இப்பதான் உன் பேர் தப்பிச்சுது. தானா போய் ஏன் தலையைக் கொடுக்கறே? உன்னோடதுல தப்பு இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?”

“இல்லைன்னும் யாரும் சொல்லலையே சார். எனக்கே தெரியாது. எழுதினவங்களுக்குத் தெரியாது, அதனாலதானே படிக்க ஒரு ஆள் வேணும்கறோம்.”

டாக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் கையசைத்துப் பேசுவது தெரிந்தது. சின்னவள் திரையைப் போட்டாள். முதலாவது மாற்றத்தைத் திறந்தாள். தாடிக்காரர் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். ஹாலிலிருந்த மற்ற ஐந்து பேரும் என்ன ஏது என்று கேட்காமல் வந்து உட்கார்ந்தார்கள். போகலாமா என்று நான் மேடத்திடம் கண்ணால் கேட்டேன். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஒன்று முடிந்தது. இரண்டு, மூன்று. ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுப் படித்தார்கள். பெரியவள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். போகச் சொல்லவும் யாருமில்லை, இருக்கச் சொல்லவும் யாருமில்லை.

ஒன்பதாவதில் தாடிக்காரர் நிறுத்தினார். திரும்பப் படித்தார்.

“மூச்சுக் கருவியோட ஒயர் கழண்டு திரும்ப மாட்டினா, இந்த இடத்துல என்ன ஆகும்?”

சின்னவள் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. “அலாரம் எப்போ அடிக்கணும்னு டாக்டர் வெச்ச அளவு போயிடும். பழைய அளவுக்கே திரும்பிடும். அலாரம் ரொம்பத் தாமதமாத்தான் அடிக்கும்.”

“நாலு மாசமா ஓடிட்டிருக்கு.”

“ஆமா. நான் எழுதினது. என் பேர்ல குறிச்சுக்கங்க.”

பிறகு, அழுததற்கு அப்புறம் முதல் தடவையாக, வாசலில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பினாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அதைவிட மோசமாக இருந்தது.

“இதைப் பார்த்திருந்தா நீ ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேக்கா. இந்த மாதிரி விஷயத்துல உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.”

சின்னவள் திரையின் பக்கம் திரும்பி, பத்தாவதைத் திறந்தாள்.